முத்தையா மகேஸ்வரி என்ற பெயரில் ஒரு தீர்ப்பு

சித்திரை பிறந்த கையோடு மகேஸ் என் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு மணவறை.

பயந்துவிடாதீர்கள்... படம்தான். கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கலர் பென்சிலால் வரைந்தது. இரண்டு பக்கமும் தூண்கள், மேலே ஒரு வளைவு, வளைவின் இரு முனையிலும் தோகையைத் தொங்கவிட்ட மயில். தூண்களைத் துண்டு துண்டாகக் கழற்றலாமாம், பூட்டலாமாம். வெளியே மழை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பார்க்கப் பார்க்க, அந்தத் தாளுக்குள் யாரோ லைட் போட்ட மாதிரி இருந்தது.

மகேஸ் நிவித்திகலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், கீழ் டிவிசனில் இருக்கிறாள். கல்யாணமாகி அங்கே வந்தவள். பிறந்த ஊர் இறக்குவானைப் பக்கம். கணவன் சிவா தோட்டத்து பெக்டரியில் எலெக்ட்ரீஷியன். இவள் கொஞ்சக் காலம் கார்மென்ட்டுக்குப் போனாள். பிறகு இரத்தினபுரி டவுனில் கல்யாண டெக்கரேஷன் செய்கிற ஒருவரிடம் சேர்ந்து பூக் கட்டினாள், துணி மடித்தாள், மணவறை பூட்டக் கற்றுக்கொண்டாள். நான் பெல்மதுளையில் உட்கார்ந்துகொண்டு சிங்களப் பத்திரங்களைத் தமிழாக்கிக் கொடுக்கிறவள் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். பிறப்புச் சான்றிதழ் ஒன்றை மொழிபெயர்க்க வந்தவள்தான் மகேஸ். அப்படியே தங்கச்சியாகிவிட்டாள்.

டவுன் டெக்கரேஷன்காரர்கள் பெரிய லொறியில்தான் வருவார்கள். தோட்டத்து ரோட்டைப் பார்த்ததும் லொறி பாதி வழியில் நின்றுவிடும். எத்தனை மணப்பெண்கள் சேலை போர்த்திய பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து தாலி வாங்கியிருக்கிறார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகேஸின் மணவறை சின்ன லொறியில் ஏறும். எந்த மலைக்கும் போகும்.

“நம்ம பக்கத்துக் கல்யாணத்துல அந்தியானா பனி ஹோலுக்குள்ளயே வந்திரும்லக்கா? அந்த நேரம் பாத்து மணவறைக்குப் பின்னால மஞ்ச லைட்ட போட்டா எப்படி இருக்கும்?”

எப்படி இருக்கும்? நானும் கொஞ்ச நேரம் அந்தப் பனிக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்த தேத்தண்ணீர் பொங்கி வழிந்த பிறகுதான் எழுந்தேன்.

கனவு மட்டும் காண்கிறவள் இல்லை அவள். தொழிலைப் பிரதேச செயலகத்தில் பதிந்துவிட்டாள். கொழும்பில் மணவறை செய்கிற ஒருவரிடம் பேசிவிட்டாள். இவள் வரைந்ததற்குக் கிட்டத்தட்ட ஒத்த ஒரு செட் அவரிடம் தயாராகவே இருந்தது. வைகாசி முடியுமட்டும் வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். மீதி இருந்தது பேங்க் லோன் மட்டும்தான். அந்த விண்ணப்பத்தை நிரப்பத்தான் என்னிடம் வந்திருந்தாள்.

நிரப்பியிருப்பேன். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து தம்மிகா மிஸ் ஞாபகத்துக்கு வந்தார்.

தம்மிகா மிஸ் இரத்தினபுரியில் சட்டத்தரணி. அவருடைய பத்திரங்களை நான் மொழிபெயர்ப்பேன். கடன் கேட்கப் போகிற யாரைக் கண்டாலும் அவர் ஒன்றையேதான் சொல்வார்: முதலில் உன் பெயரில் என்ன கிடக்கிறது என்று நீ பார். கடன் அறிக்கையை எடு. கோர்ட்டில் உன் பெயருக்கு எதிராக ஏதாவது தீர்ப்பு இருக்கிறதா என்று தேடு. பேங்க் முதலில் கண்டுபிடித்தால் கதவு மூடிவிடும். அடுத்த பேங்குக்குப் போனால் அங்கேயும் அந்தக் கதை உனக்கு முன்னால் போய் நிற்கும். நீ முதலில் கண்டுபிடித்தால், கையில் விளக்கத்தோடு போகலாம்.

யோசித்துப் பாருங்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனால் நாலு பேரிடம் விசாரிக்கிறோம். பழைய ஆட்டோ வாங்கப் போனால் மெக்கானிக் பாஸைக் கூடவே கூட்டிப் போகிறோம். நம்மைப் பற்றி நாம் எப்போதாவது விசாரித்திருக்கிறோமா? நாம் இங்கே அரிசி களைந்துகொண்டிருக்கும்போது நம் பெயர் எந்த ஊரில், எந்த அலுமாரியில், யாரோடு உட்கார்ந்திருக்கிறது... நமக்கென்ன தெரியும்?

மகேஸ் சிரித்தாள். கோர்ட்டைப் பஸ்ஸில் இருந்துதான் பார்த்திருக்கிறேன் என்றாள். இருந்தாலும் வந்தாள்.

கடன் அறிக்கை சுத்தமாக இருந்தது. அதோடு திரும்பியிருந்தால் இந்தப் பத்தி இல்லை.

இரத்தினபுரியில் அன்று மழை விட்டு வெயில். தார் ரோட்டில் இருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. மலைகள் எல்லாம் கழுவி வைத்த மாதிரி நீலமாக நின்றன. தம்மிகா மிஸ்ஸின் லிகிதர் கோர்ட்டுக்குள் வழக்குப் பதிவுகளைப் பார்க்கப் போயிருந்தார். நாங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து, ஹோலுக்குள் வரும் பனியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். மணவறைக்குக் கீழே விரிக்கும் கம்பளம் சிவப்பா, மெரூனா? மகேஸுக்கு அது பெரிய பிரச்சினையாக இருந்தது.

லிகிதர் வந்தார். மிஸ்ஸின் காதோடு ஏதோ சொன்னார். மிஸ் மகேஸைக் கூப்பிட்டு அப்பா பெயர் கேட்டார். தோட்டத்தின் பெயர் கேட்டார். மேல் டிவிசனா, கீழ் டிவிசனா என்று கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும் அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

தீர்ப்பு ஒன்று இருந்தது.

ஒரு லீசிங் கம்பெனி போட்ட வழக்கு. யாரோ ஓர் ஆள் ஆட்டோ ஒன்றைத் தவணைக்கு எடுத்து, கட்டாமல் விட்டிருக்கிறார். அவருக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டவர் இரண்டாவது எதிராளி. பெயர், முத்தையா மகேஸ்வரி; நம் மகேஸின் முழுப் பெயரேதான். விலாசம், அதே தோட்டம், அதே கீழ் டிவிசன். கூப்பிட்ட திகதியில் இரண்டு பேரும் வராததால், கம்பெனி பக்கத்தை மட்டும் கேட்டுக் கோர்ட் தீர்ப்புக் கொடுத்துவிட்டது. லிகிதர் பார்த்த பதிவில் அடையாள அட்டை நம்பர் இல்லை. பெயரும் ஊரும்தான்.

மகேஸ் கைப்பையைத் திறந்து தன் ஐடென்டி கார்டை எடுத்து, முதல்முறை பார்க்கிறவள் போல அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வழக்குத் தாள்கள் எல்லாம் இருக்கிற முழுக் கோவையையும் எடுத்துப் பார்க்க ஒரு கிழமை பொறுக்க வேண்டும் என்றார் மிஸ்.

அந்த ஏழு நாள் இருக்கிறதே...

நம் பெண்கள் கையெழுத்துப் போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் யாராவது தாளோடு வந்து நிற்பார்கள். இவர்கள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைச் சுவரில் வைத்து, நின்றபடியே போட்டுக் கொடுப்பார்கள். மரணாதார சங்கத்துக்கு ஒன்று. கூரைத் தகரத்துக்கு ஒன்று. பக்கத்து வீட்டக்கா குழுக் கடன் எடுக்க ஒன்று. என்ன எழுதியிருக்கிறது என்று யார் வாசித்தார்கள்?

மகேஸ் அந்தக் கிழமை முழுக்கத் தன் கையெழுத்துகளைத் தேடிப் போனாள். கொழுந்து மலையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நிற்பாளாம். இறக்குவானையில் ஒன்று, கார்மென்ட்டில் ஒன்று என்று, போட்ட இடமெல்லாம் மனசுக்குள் வந்து வந்து போகுமாம். ஆட்டோ மட்டும் எதிலும் வரவில்லை. ஆனால் வரவில்லை என்பதாலேயே போடவில்லை என்று சொல்லிவிட முடியுமா? கடைசியில் போட்டுத்தான் இருப்பேன் என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள்.

சிவா சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. ஒரே ஒரு முறை கேட்டானாம்.

“எங்கயாச்சும் போட்டியா புள்ள? போட்டிருந்தா சொல்லு, பாத்துக்கலாம்.”

அந்தப் ‘பாத்துக்கலாம்’தான் தன்னை அழவைத்தது என்றாள்.

அடுத்த கிழமை கோவை வந்தது. தம்மிகா மிஸ் ஒவ்வொரு தாளாகப் புரட்டி, பிணைப் பத்திரத்தின் பிரதியில் நிறுத்தினார். கையெழுத்தைக் காட்டினார்.

தமிழில் இருந்தது. ‘மு. மகேஸ்வரி.’ ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக, முதலாம் வகுப்புக் கொப்பியில் எழுதுகிற மாதிரி. ‘ஸ்’ஸின் புள்ளிக்குப் பதிலாக ஒரு குட்டி வட்டம்.

மகேஸ் படித்தது சிங்களப் பாடசாலையில். அவள் ஊரில் கிட்ட இருந்தது அதுதான். தமிழ் வாசிப்பாள், எழுதுவாள். ஆனால் கையெழுத்து வாழ்நாள் முழுக்கச் சிங்களத்தில்தான். பத்திரத்தின் திகதியைப் பார்த்தால், அது அவளுக்குக் கல்யாணமாவதற்கு முந்தியது. அப்போது நிவித்திகல எந்தப் பக்கம் இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

அவள் இல்லை. வேறொரு முத்தையா மகேஸ்வரி.

எனக்கு உயிர் வந்தது. தம்மிகா மிஸ்ஸும் சிரித்தார். அந்த ஆள் தான் இல்லை என்று ஒரு சத்தியக்கடதாசி, அடையாள அட்டைப் பிரதி, விவாகச் சான்றிதழ், அவள் கையெழுத்து மாதிரி — இவற்றை விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்தால் முடிந்தது என்றார்.

மகேஸ் மட்டும் அந்தத் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் குட்டி வட்டத்தை விரலால் தொட்டுக்கொண்டே மிஸ்ஸிடம் சிங்களத்தில் கேட்டாள். இந்த அக்காவுக்கு இது தெரியுமா?

மிஸ் பின்னால் இருந்த தாள்களைப் புரட்டினார். அழைப்பாணையை லயத்துக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். தீர்ப்பு வந்த பிறகு அதைக் கொடுக்கப் போனவர், அப்படி ஒருவர் இப்போது அங்கே இல்லை என்று எழுதித் திருப்பியிருக்கிறார். ஆகவே, தெரிந்திருக்காது. ஒருநாள் கம்பெனி ஆளைக் கண்டுபிடித்துக் கையில் கொடுக்கும். அதற்குப் பிறகு, ஏன் வரவில்லை என்று கோர்ட்டுக்குச் சொல்லித் தீர்ப்பை நீக்கக் கேட்பதற்கு இரண்டு கிழமைதான் இருக்கும். தோட்டத்தில் இருக்கிற ஒருவர் அந்த இரண்டு கிழமைக்குள் தாளை வாசிக்க ஆள் பிடித்து, சட்டத்தரணியைப் பிடித்து... மிஸ் கோவையை மூடினார்.

பிறகு இன்னொன்றையும் நேர்மையாகச் சொன்னார். அது உன் வேலை இல்லை. அதோடு, அந்த அம்மா வந்து வழக்கைத் திரும்பத் திறந்தால், பேங்க் உன் பெயரைப் பார்த்துவிட்டு வழக்கு முடியட்டும் என்று சொல்லக்கூடும். கொழும்பு மணவறை அதுவரை காத்திருக்குமா?

சிவா தெளிவாகச் சொல்லிவிட்டான். நம்ம வேலைய நாம பாப்போம். அவனைக் குறை சொல்ல முடியாது. லைட் வயரெல்லாம் அளந்து வாங்கி வைத்திருந்தான்.

நானும் அப்படித்தான் சொன்னேன். முதலில் லோனை எடு, பிறகு அந்த அக்காவைத் தேடலாம் என்று.

மகேஸ் விண்ணப்பத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“ஒரு கிழமை நான் அவங்களாத்தான் இருந்தேன்க்கா. எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எனக்கு முடிஞ்சிருச்சு, அவங்களுக்கு இன்னும் தொடங்கவே இல்ல.”

அன்றே விசாரிக்கக் கிளம்பினோம்.

விசாரிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கோயில் கமிட்டித் தலைவருக்கு ஞாபகம் இருந்தது. முத்தையா என்று ஒரு பெரியவர் கீழ் லயத்தில் இருந்தார். ஒரு மகன், ஒரு மகள். மகன் ஆட்டோ ஓட்டினான், பிறகு வெளிநாடு போய்விட்டான். மகளைக் கரவனெல்லப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அந்த மகேஸ்வரி போன அடுத்த வருஷம்தான் இந்த மகேஸ்வரி வந்தாள். ஒரே டிவிசனில் இருந்து ஒரு பெயர் வெளியே போயிருக்கிறது. அதே பெயர் உள்ளே வந்திருக்கிறது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அவிசாவளை போய், பஸ் மாறி, கரவனெல்லவில் இறங்கினோம். வழி நெடுக மழை. எனக்கு மழை நாளில் பஸ்ஸில் போகப் பிடிக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் கரைந்து போகும். கடைகள், பாலம், ஆறு, குடை பிடித்துப் போகும் மனிதர்கள்... எதுவும் உறுதியாக இல்லை. பக்கத்தில் மகேஸ் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். இல்லை. அந்த அக்காவிடம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு வந்தாளாம்.

இறப்பர் மரங்களுக்குக் கீழே அந்த மழையிலும் ஒரு பச்சை வெளிச்சம் இருந்தது. மழை நாளில் பால் வெட்டு இல்லை. எல்லோரும் வீட்டில்தான் இருப்பார்கள். வழி கேட்டுக் கேட்டு லயத்துக்குப் போனோம். கடைசிக் காம்பராவின் வாசலில் ஒரு பெண் நின்று, கையில் ஒட்டிக் காய்ந்திருந்த இறப்பர் பாலை நூல் நூலாக உருட்டி எடுத்துக்கொண்டிருந்தார். மகேஸைவிட நாலைந்து வயது கூட இருக்கும்.

முத்தையா மகேஸ்வரி இருக்கிறாங்களா என்று நான்தான் கேட்டேன்.

அவருடைய கை நின்றது. என் கைப்பையைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார்.

“அப்படி யாரும் இங்க இல்லீங்க. மேல் லயத்துல கேட்டுப் பாருங்க.”

திரும்பி உள்ளே போய்விட்டார். கதவு மூடத் தொடங்கியது.

மகேஸ் முன்னால் போனாள். பஸ்ஸில் யோசித்து வைத்த வார்த்தை எதுவும் இல்லை அது. வாயில் வந்ததைச் சொன்னாள்.

“நான்தான்க்கா மகேஸ்வரி. முத்தையா மகேஸ்வரி.”

கதவு அப்படியே நின்றது.

மகேஸ் ஐடென்டி கார்டை நீட்டினாள். அவர் வாங்கினார். வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். படத்தைப் பார்த்தார், மகேஸைப் பார்த்தார், திரும்ப வாசித்தார். பிறகு வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கப்பா பேரும் முத்தையாதாங்க” என்றார்.

உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தேத்தண்ணீர் ஊற்றினார். அப்புறம்தான் பேச்சு வந்தது.

தம்பிக்காகப் போட்ட கையெழுத்து. ஆட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், அதோடு கணக்கு முடிந்துவிட்டது என்று தம்பி சொல்லியிருக்கிறார். தம்பியும் அப்படித்தான் நம்பியிருக்க வேண்டும். பிறகு பழைய லயத்துக்கு யாரோ வந்து மகேஸ்வரி எங்கே என்று சத்தம் போட்டதாக ஊரில் இருந்து ஒரு செய்தி வந்தது. அன்றிலிருந்து இவருக்குப் பயம். கோர்ட், தீர்ப்பு எதுவும் தெரியாது. யாராவது பெயர் கேட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

“இங்க எல்லாரும் என்னைய சாந்தின்னுதான் கூப்புடுவாங்க. நானே சொல்லிவச்சேன். பேரச் சொல்லாம இருந்து இருந்து... இப்ப யாராச்சும் மகேஸ்வரின்னா எனக்கே வேற யாரோ மாதிரி இருக்கு.”

இனி நானும் அவரைச் சாந்தி என்றே எழுதுகிறேன். உங்களுக்கும் குழப்பம் வேண்டாம்.

மகேஸ் தீர்ப்பைப் பற்றிச் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சாந்தி எழுந்து பின்கதவைத் திறந்து காட்டினார். சரிவுக்குக் கீழே, தோட்டத்துக்கு வெளியே ஒரு சின்னத் துண்டு நிலம். அதில் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பி நின்ற சுவர்கள். கூரை இல்லை. மழை நேராக உள்ளே பெய்துகொண்டிருந்தது. நிலம் இவர் பெயரில். புருஷனும் இவரும் வருஷக்கணக்காகக் கட்டுகிற வீடு.

“இதையும் எடுத்துக்குவாங்களா?”

தீர்ப்பை அப்படியே விட்டால் எடுக்கலாம், எடுக்கவிடாமல் தடுக்க வழி இருக்கிறது என்று தம்மிகா மிஸ் சொன்னதை நான் விளக்கினேன். மகேஸ் சொன்னாள், “நீங்க வாங்கக்கா. நானும் கூட வாறேன்.”

புறப்படும்போது சாந்தி கேட்டார், இதைச் சொல்வதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள், இதில் உங்களுக்கு என்ன என்று. மகேஸ் குடையை விரித்தாள்.

உண்மையில் அவளுக்கு இதில் இருந்தது நஷ்டம்தான். அதுவும் சீக்கிரமே வந்தது.

சாந்தி புருஷனோடு இரத்தினபுரிக்கு வந்தார். தம்மிகா மிஸ் தீர்ப்பை நீக்கக் கேட்டு மனுப் போட்டார். மகேஸும் சத்தியக்கடதாசியோடு பேங்கில் விண்ணப்பித்தாள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். நீங்கள் வேறு ஆள் என்பது புரிகிறது, ஆனால் இந்தப் பெயரில் வழக்கு இப்போது நடந்துகொண்டிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும் என்றார். மிஸ் சொன்னது அப்படியே நடந்தது.

வைகாசி முடிந்தது. கொழும்பில் இருந்து போன் வந்தது. அந்த மணவறையை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சிவா வயரைச் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்தானாம். திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும் என்றாள் மகேஸ். அவள் அன்று என் வீட்டில் நிறைய நேரம் இருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. மலை தெரியவில்லை, ரோட் தெரியவில்லை, எதிர்க் கடைகூடத் தெரியவில்லை. ஏன்டா போனோம் என்று இருக்கிறதா என்று கேட்டேன்.

“கவலை இல்லைன்னு சொன்னா பொய்யிக்கா” என்றாள். “ஆனா திரும்பவும் போவேன்னுதான் நெனைக்கிறேன்.”

போன கிழமை வழக்குத் திகதி.

நானும் போனேன். மொழிபெயர்க்க ஏதாவது தேவைப்படலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சாந்தி நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தார். கையில் ஓர் இழை இறப்பர் பால்கூட இல்லை; தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். அவர் ஒரு பக்கம், மகேஸ் ஒரு பக்கம், நடுவில் நான். நீண்ட மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். மேலே ஃபேன் மெதுவாகச் சுற்றியது. வழக்குகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. பெயர்கள், பெயர்கள்... கேட்டுக் கேட்டு எனக்குக் கண் சொருகியது.

“முத்தையா மகேஸ்வரி.”

என் இரண்டு பக்கமும் இருந்து இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள்.

மகேஸுக்கு அது பழக்க தோஷம். பெயரைக் கேட்டதும் கால் தானாக எழும்பிவிட்டது. நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஒருவரைப் பார்த்தார், மற்றவரைப் பார்த்தார். இரண்டாவது எதிராளி யார் என்று கேட்டார். உரைபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

ஒரு நிமிஷம் எனக்குப் பயமாகிவிட்டது. பெயரைக் கேட்டால் இல்லை என்று சொல்லியே பழகிய வாய். இப்போதும் அப்படிச் சொல்லிவிட்டால்?

சாந்தி ஓர் அடி முன்னால் வைத்தார்.

“நான்தாங்க. நான்தான் மகேஸ்வரி.”

கோர்ட்டுக்குத் தேவைப்பட்டதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். மகேஸ் மெல்ல உட்கார்ந்தாள்.

மிச்சமெல்லாம் சுருக்கமாக நடந்தது. அழைப்பாணை ஒட்டிய காலத்தில் சாந்தி அந்த லயத்தில் இல்லை என்பதற்குக் கரவனெல்லத் தோட்டத்தின் கடிதம் இருந்தது. தீர்ப்பை நீக்கினார்கள். ஆட்டோ போக மீதியைத் தவணையில் கட்டுவதற்குத் தம்பி வெளிநாட்டில் இருந்து ஒத்துக்கொண்டிருந்தார். கம்பெனியின் சட்டத்தரணியும் சரி என்றார். வீட்டுச் சுவரில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பிறகு நீதிபதி ஒன்று செய்தார். இதே பெயரில் இன்னொருவர் இருக்கிறபடியால், இரண்டாவது எதிராளியின் அடையாள அட்டை நம்பரையும் இப்போதைய விலாசத்தையும் கோவையில் தெளிவாகப் பதியச் சொன்னார்.

அந்த ஒரு வரியில் இரண்டு பெண்களும் தனித்தனியானார்கள்.

வெளியே வந்ததும் சாந்தி அழுதார், பிறகு சிரித்தார், பிறகு பசிக்குது என்றார். மூன்று பேரும் எதிர்க் கடையில் ரொட்டி சாப்பிட்டோம்.

அந்தப் பதிவின் பிரதியை மகேஸ் இந்தத் திங்கட்கிழமை பேங்கில் கொடுத்தாள். வெறும் சத்தியக்கடதாசியைப் பார்த்துத் தயங்கிய அதே அதிகாரி, கோர்ட்டின் முத்திரையைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டார். கேட்டதைவிடக் குறைவாகத்தான் கிடைத்தது. செட்டும் கொஞ்சம் சின்னதாகத்தான் வரும். ஆவணி முகூர்த்தத்துக்குள் செய்து தருவதாகக் கொழும்புக்காரர் சொல்லியிருக்கிறார். சிவா வயரை எடுக்க அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டானாம்.

ஆகவே அன்பர்களே, தொழிலுக்குக் கடன் கேட்கப் போகுமுன் கோர்ட்டில் உங்கள் பெயரை ஒருமுறை தேடிப் பார்த்துவிடுங்கள். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால்... பஸ் ஏறிப் போய், ஒரு வார்த்தை சொல்லிவிட்டும் வாருங்கள்.